கோயமுத்தூர்க்காரனுக்குக் கொச்சி வரலாறு எதற்கு? (விவாத இழை)

ஜூன் 2, காலை

வாசகர் ஒருவர் கேட்டது: "துறைமுக நகரங்களின் வெள்ளைக்காரர் காலத்து வரலாறு என்று தேடினால் மெட்ராஸ், பம்பாய், கல்கத்தா, கொச்சி என்று வருகிறது. இதில் கொச்சி கேரளத்துக் கதை. கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர்க்காரர்களுக்கு அதில் என்ன இருக்கிறது அண்ணா? நமக்குக் கடலே கிடையாதே."

ஜூன் 2, மதியம்

நிறைய இருக்குதுங்க தம்பி. கோயமுத்தூரிலிருந்து சென்னை 500 கிலோமீட்டர். கொச்சி 200-க்கும் உள்ளே. நடுவில் மலை வந்து மறித்திருந்தால் நீங்கள் சொல்வது சரி. மலைதான் பாலக்காட்டில் வழி விட்டு நிற்கிறதே.

எங்கள் அப்பா 22 வருஷம் லாரி ஓட்டினார். மாசத்தில் நாலு தடவையாவது கொச்சி. "ஐலேண்டுக்குப் போறேன்" என்றுதான் சொல்லிவிட்டுக் கிளம்புவார். சின்ன வயசில் ஐலேண்டு என்பதைப் பல்லடம், சூலூர் மாதிரி ஒரு ஊர்ப்பெயர் என்றே நினைத்திருந்தேன். அங்கிருந்து வெளிநாட்டுப் பருத்தி பேல் ஏற்றிக்கொண்டு வந்து நம் மில்களில் இறக்குவார். வில்லிங்டன் தீவு என்று அதற்கு ஒரு பெயர் இருப்பதும், அது ஆட்கள் உண்டாக்கின தீவு என்பதும் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. கடலைத் தோண்டி எடுத்த மண்ணைக் கொட்டியே முழுத் தீவையும் உண்டாக்கினார்கள். நம் ஊர் மில்லுக்கான பருத்தி மூட்டை வந்து இறங்கிய இடத்தின் கதை நமக்கு எப்படி அந்நியம் ஆகும்?

ஜூன் 2, இரவு

மதியம் வேலைக்கு நடுவே அவசரமாக எழுதினேன். இப்போது கொஞ்சம் விரிவாக.

கொச்சியில் காயலும் கடலும் சேரும் வாய் நல்ல அகலம். உள்ளே தண்ணீர் அமைதியாகக் கிடக்கும். ஆனால் வாய்க்கு வெளியே கெட்டியான மணல் திட்டு குறுக்கே படுத்திருந்தது. பெரிய கப்பல் எதுவும் உள்ளே வர முடியாது. வெளிக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், சரக்கு எல்லாம் வள்ளத்தில் போய் ஏறும், வள்ளத்தில் வந்து இறங்கும். ஜூன் பிறந்து பருவமழை பிடித்துவிட்டால் அதுவும் திண்டாட்டம். இன்றைக்கு ஜூன் 2, வாசலில் மேக்கே இருந்து காத்து பிய்த்துக்கொண்டு போகிறது. இதே காத்து கொச்சிக் கடலில் எப்படி அடித்திருக்கும், அதில் ஒரு வள்ளம் நிறைய மூட்டையை வைத்துக்கொண்டு ஆட்கள் கப்பலோரம் எப்படி நின்றிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

1920-இல் ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் வந்தார். அப்போது சென்னை மாகாண கவர்னராக இருந்தவர்தான் வில்லிங்டன் பிரபு. திட்டை வெட்டினால் கரை அரித்துப் போகுமா, வெட்டின இடம் திரும்ப மூடிக்கொள்ளுமா என்று வருஷக்கணக்கில் சோதனை. பிறகு தூர்வாரும் கப்பலைக் கொண்டுவந்து வெட்டினார்கள். அந்தக் கப்பலுக்கும் கவர்னர் பெயர்தான். 1928 மே 26 அன்று பத்மா என்ற நீராவிக் கப்பல் உள் துறைமுகத்துக்குள் நுழைந்தது. 1936-இல் கொச்சியைப் பெரிய துறைமுகம் என்று அறிவித்தார்கள்.

இந்த வருஷங்களை நம் ஊர் வருஷங்களோடு சேர்த்துப் பாருங்கள். நீலகிரியில் பைகாரா நீர்மின்சாரம் 1932. அதற்கப்புறம்தான் கோயமுத்தூரைச் சுற்றி மில் மேல் மில்லாக எழுந்தது. மலைக்கு அந்தப் பக்கம் மணல் திட்டை வெட்டி முடித்த நாலாவது வருஷம் இந்தப் பக்கம் மோட்டார் ஓட ஆரம்பித்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இரண்டையும் தனித்தனியாகப் படித்தோம். அதுவும் முதலாவதை யாரும் சொல்லித்தரவே இல்லை.

ஜூன் 3

ஒரு திருத்தம். முழுத் தீவும் கொட்டின மண் என்று எழுதியிருந்தேன். தப்பு. வெண்டுருத்தி என்று ஒரு சின்ன இயற்கைத் தீவு முன்பே அங்கே இருந்தது. தூர்வாரின மண்ணைக் கொட்டி அதை ஒட்டித்தான் புதுத் தீவை உண்டாக்கினார்கள். கொச்சியில் வேலை பார்க்கும் நம் பக்கத்து நண்பர் கூப்பிட்டுச் சொன்னார்.

ஜூன் 4

ரயில் எப்போது வந்தது என்று பெருந்துறையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்.

மெட்ராசிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போட்ட பாதை ஈரோடு, திருப்பூர், போத்தனூர், பாலக்காடு வழியாகப் போய் 1862-இல் பேப்பூரில் கடலைத் தொட்டது. கோயமுத்தூர் ஊருக்குள்கூட அந்த முதல் பாதை வரவில்லை, போத்தனூரோடு சரி. பழைய ஆட்கள் போத்தனூர் ஜங்ஷன் என்று ஒரு மரியாதையோடு சொல்வதற்கு அதுதான் காரணம்.

கவனியுங்கள், பேப்பூர். கொச்சி இல்லை. பேப்பூர் கோழிக்கோட்டுக்குப் பக்கம், வெள்ளைக்காரன் நேரடியாக ஆண்ட மலபார். கொச்சிக்கு ரயில் வர இன்னும் 40 வருஷம் ஆனது. 1902-இல் மெட்ராஸ் பாதையில் இருக்கும் ஷொர்ணூரிலிருந்து எர்ணாகுளத்துக்குப் பாதை போட்டது கொச்சி ராஜா ராமவர்மா, அதுவும் தன் கஜானாப் பணத்தில். பணம் பற்றாமல் திருப்பூணித்துறை பூர்ணத்ரயீசர் கோயில் யானைகளுக்குச் சாத்தும் தங்க நெற்றிப்பட்டங்களை விற்றார் என்று கொச்சியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தங்கத்தை விற்று ரயில் வாங்கிய ராஜா. "வெள்ளைக்காரன் வந்ததால்தான் ரயில் வந்தது" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த நெற்றிப்பட்டங்கள்தான் ஞாபகத்துக்கு வரும்.

ஆக 1902-க்கு அப்புறம் போத்தனூரில் ஏற்றின பருத்தி நேராகக் கொச்சியில் போய் இறங்கியது.

ஜூன் 5, காலை

நேற்று எழுதிய கடைசி வரி தப்பு. நேராகப் போகவில்லை. மெட்ராஸ் பாதை அகலப்பாதை. ராஜா போட்டது மீட்டர் பாதை. போத்தனூரில் ஏற்றின மூட்டையை ஷொர்ணூரில் இறக்கி, இன்னொரு வண்டியில் மறுபடி ஏற்றித்தான் கொச்சிக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். அகலப்பாதையாக மாற்றியது 1930-களில்தான், துறைமுகம் தயாரான பிறகு.

இதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், ஒரு பேல் இன்றைய கணக்குக்கு 170 கிலோ. அதை ஒரு தடவை கூடுதலாக இறக்கி ஏற்றுவது என்ன வேலை என்று லோடுமேன் யாரையாவது கேளுங்கள். வருஷமும் மைலும் எழுதிவிட்டு இதை விட்டுவிட்டேனே என்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஜூன் 7

"இதெல்லாம் 100 வருஷக் கதை. அதற்கு முன்னால்?" என்று தம்பி மறுபடி கேட்டிருக்கிறார்.

ரொம்பப் பின்னால் போனால் கொச்சியே கிடையாது. பெரியாறு கடலில் விழும் இடத்தில் முசிறி என்ற துறைமுகம் இருந்தது. சென்னிமலைப் பக்கம் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணல் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருகிற ஊர். அங்கே கல் அறுத்து மணி செய்தார்கள், இரும்பு உருக்கினார்கள். வெள்ளலூரில் ரோமானியக் காசு குடம் குடமாகக் கிடைத்தது. முசிறியில் இறங்கின காசு பாலக்காட்டுக் கணவாய் ஏறி நொய்யல் கரையோரமாகக் கரூர் வரைக்கும் போன வழி அது. 1341-இல் பெரியாற்றில் பெரிய வெள்ளம் வந்து முசிறி வாய் மண்மூடி, தெற்கே கொச்சி வாய் திறந்துகொண்டது என்று சொல்வார்கள்.

1500 டிசம்பரில் போர்த்துகீசியக் கப்பல்கள் கப்ரால் தலைமையில் கொச்சிக்கு வந்தன. கோழிக்கோட்டு ராஜா சாமூதிரியோடு சண்டை, அதனால் இங்கே. கொச்சி ராஜாவுக்கும் சாமூதிரியோடு பகை. 1503-இல் கோட்டை கட்டினார்கள், இந்தியாவில் ஐரோப்பியர் கட்டிய முதல் கோட்டை. 1530-இல் கோவாவுக்கு மாறும் வரை போர்த்துகீசியருக்கு இங்கே தலைமையிடம் கொச்சிதான்.

இனிமேல்தான் நம் சங்கதி. கடலில் யார் சரக்கு ஏற்றினாலும் போர்த்துகீசியரிடம் சீட்டு வாங்கவேண்டும். சீட்டு இல்லாத கப்பலைப் பிடித்துவிடுவார்கள். மிளகு முழுக்கத் தங்களுக்கே, அவர்கள் வைத்ததே விலை. மிளகுக்காரன் என்ன செய்வான்? பொதிமாட்டில் ஏற்றி மலை வழியாகக் கிழக்கே அனுப்பிவிட்டான். மாட்டு மேல் மிளகு தமிழ்நாட்டுப் பக்கம் போய்க்கொண்டே இருக்கிறது என்று போர்த்துகீசியர் புலம்பியிருக்கிறார்கள். பீரங்கி கடலைப் பார்த்து நின்றது. மலையில் மாட்டுக் கழுத்து மணி கேட்டுக்கொண்டே இருந்தது.

எனக்கு இந்த வரலாற்றிலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான். ராஜா, கவர்னர், தளபதி யாருமே இல்லை. பொதிமாடும் அதை ஓட்டின ஆளும் மட்டும்.

ஜூன் 8

கோட்டை பற்றி எழுதும்போது இன்னொன்று ஞாபகம் வந்தது. 1663-இல் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்தார்கள். 100 வருஷத்துக்கு மேல் இருந்தார்கள். அவர்கள் காலத்தின் கடைசியில் நடந்த ஒரு விற்பனை நேராகக் கோயமுத்தூரில் வந்து வெடித்திருக்கிறது.

1789-இல் கொடுங்கல்லூர், ஆயக்கோட்டை என்று இரண்டு கோட்டைகளைத் திருவிதாங்கூர் ராஜாவுக்கு விற்றார்கள். திப்புவுக்கு ஆத்திரம். கொச்சி தனக்குக் கப்பம் கட்டும் ராஜ்யம், அந்த மண்ணில் இருக்கும் கோட்டையை விற்க இவர்கள் யார் என்பது அவர் வாதம். அந்த டிசம்பரில் திருவிதாங்கூர் நெடுங்கோட்டையைத் தாக்கினார். திருவிதாங்கூர் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நட்பு, அதனால் மூன்றாம் மைசூர்ப் போர். 1790-இல் கம்பெனிப் படை கோயமுத்தூரைப் பிடித்தது. மறு வருஷம் திப்புவின் ஆட்கள் முற்றுகை போட்டு நவம்பரில் திரும்பப் பிடித்தார்கள். கொச்சிப் பக்கம் இரண்டு கோட்டை கை மாறியதற்கு நம் ஊரில் எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை தோட்டம் பாழாய்ப் போனது!

1792 உடன்படிக்கையில் மலபார் கம்பெனிக்குப் போனது, பாலக்காடும் அதோடு. கோயமுத்தூர் திப்புவிடமே இருந்தது, 1799 வரை. ஏழு வருஷம் கணவாய்க்கு அந்தப்புறம் ஒரு கொடி, இந்தப்புறம் ஒரு கொடி. வாளையார் செக்போஸ்ட்டில் லாரியை நிறுத்திவிட்டு அப்பா மணிக்கணக்கில் காத்திருந்த கதையெல்லாம் கேட்டு வளர்ந்தவன் நான். அந்த எல்லைக்கு இவ்வளவு வயசு என்று அப்போது தெரியாது.

ஜூன் 8, இரவு

ஃபுல்லார்ட்டனை விட்டுவிட்டேன். 1783-இல் தாராபுரம் வழியாக வந்து நவம்பரில் பாலக்காட்டுக் கோட்டையையும் கோயமுத்தூரையும் பிடித்த கம்பெனிக் கர்னல். பாலக்காட்டுக் கோட்டை திப்புவின் அப்பா ஹைதர் 1766-இல் கட்டினது. மறு வருஷமே மங்களூர் உடன்படிக்கையில் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தார்கள். கணவாயைப் பிடித்தால் இரண்டு கடற்கரையும் கைக்குள் என்று எல்லாத் தளபதிகளுக்கும் தெரிந்திருந்தது.

ஜூன் 11

சனி ஞாயிறு போர்ட் கொச்சிக்கே போய்விட்டு வந்தேன். இந்த இழை எழுத ஆரம்பித்ததிலிருந்து மனசு அங்கேயே கிடந்தது. சரியான மழை.

பிரான்சிஸ் தேவாலயத்தில் வாஸ்கோ ட காமாவைப் புதைத்த இடம் இருக்கிறது. 1524 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கொச்சியில் செத்தார். எலும்பை அப்புறம் லிஸ்பனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது தரையில் ஒரு கல், சுற்றி ஒரு தடுப்பு, அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு அம்மா குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். உள்ளே ஆள் இல்லாத கல்லைப் பார்க்க நாலு மணிநேரம் வண்டியில் வந்திருக்கிறோம் என்று தோன்றவே இல்லை. ஆயிரக்கணக்கான மைல் கடல் தாண்டி வந்த மனிதன் கடைசியில் ஆறடிக்குள் இங்கே 14, 15 வருஷம் கிடந்திருக்கிறான். கொஞ்ச நேரம் நின்றேன்.

கோட்டையைத் தேடினால் கிடைக்காது. 1795-இல் டச்சுக்காரரிடமிருந்து இங்கிலீஷ்காரன் எடுத்துக்கொண்டான், 1806-இல் மதிலையும் பெரிய தேவாலயத்தையும் வெடி வைத்துத் தகர்த்தான். இப்போது கோட்டை பெயரில் மட்டும் இருக்கிறது, போர்ட் கொச்சி. நம் கோயமுத்தூரிலும் இதே கதைதான். கோட்டை போய்விட்டது, கோட்டைமேடு இருக்கிறது. மீன் மார்க்கெட் ஓரம் மழைக்கு ஒதுங்கி நின்றபோது இதை யோசித்து அப்படியே உடம்பு சிலிர்த்தது.

இன்னொன்று அங்கே ஒரு பெரியவர் சொல்லித்தான் உறைத்தது. போர்ட் கொச்சி கொச்சி ராஜ்யத்திலேயே இல்லை. அது பிரிட்டிஷ் கொச்சி, மலபார் ஜில்லா, சென்னை மாகாணம். பக்கத்துத் தெருவில் மட்டாஞ்சேரி, அது ராஜாவுடையது. அதாவது போர்ட் கொச்சியும் கோயமுத்தூரும் ஒரே அரசாங்கத்தின் கீழ் 150 வருஷம் இருந்திருக்கின்றன. இரண்டு ஊருக்கும் கலெக்டர் வேறு, கவர்னர் ஒருத்தர். தம்பி கேட்ட முதல் கேள்விக்கு இதுவே பதில், ஒரு வாரம் சுற்றி வளைத்துவிட்டேன்.

அப்புறம் மட்டாஞ்சேரியில் டச்சு அரண்மனை பார்த்தேன். டச்சுக்காரர் ராஜாவுக்குக் கட்டிக்கொடுத்தது.

ஜூன் 12

இல்லை. 1500-களின் நடுவில் கட்டிக்கொடுத்தது போர்த்துகீசியர். டச்சுக்காரர் பின்னால் பழுதுபார்த்தார்கள், பெயர் அவர்களுக்குப் போய்விட்டது. வெயில் மழை பாராமல் கட்டின கொத்தனார் இரண்டு பேரிலும் சேர்த்தி இல்லை.

ஜூன் 14

முந்தாநாள் எழுதிய கொத்தனார் வரியை நானே திரும்பப் படித்தேன். ஜூன் 2 இரவு எழுதியது உறுத்துகிறது. பிரிஸ்டோ வந்தார், வெட்டினார், கப்பல் நுழைந்தது என்று எழுதிவிட்டேன். ஒரு ஆள் துறைமுகம் கட்டின மாதிரி. சென்னை மாகாணம், கொச்சி, திருவிதாங்கூர் என்று மூன்று அரசுகள் பணத்துக்கும் சுங்க வருமானத்துக்கும் உடன்பட்ட பிறகுதான் அந்த வேலையே நகர்ந்தது. அதாவது அந்தத் தீவில் திருவிதாங்கூர்த் தென்னந்தோப்புப் பணம் இருக்கிறது, கொச்சி நெல் வயல் பணம் இருக்கிறது, கோயமுத்தூர் ஜில்லாவில் வாங்கின கிஸ்திப் பணமும் இருக்கிறது. பிரிஸ்டோ பெரிய பொறியாளர், அதில் சந்தேகம் இல்லை. ஆனாலும் முதல் நாள் நான் எழுதினது அரைக் கதை.

மீதிக் கதை மட்டாஞ்சேரியில் கேட்டேன். சாப்பா என்று ஒரு முறை இருந்தது. காலையில் வேலை கேட்டு ஆட்கள் கூட்டமாக நிற்பார்கள். குத்தகைக்காரனின் ஆள் கையில் உலோக வில்லைகள். அதைக் கூட்டத்துக்குள் வீசுவான். எடுத்தவனுக்கு அன்றைக்கு வேலை. ஒரு வில்லைக்குப் பத்துப் பேர் விழுவார்கள், கை கால் முறியும், கிடைக்காதவன் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவான். வெள்ளைக்காரன் போன பிறகும் இது ஓயவில்லை. 1953 செப்டம்பர் 15 அன்று இதை எதிர்த்துப் போராடிய தொழிலாளர்கள் மேல் மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. உயிர் போனது.

எங்கள் அப்பாருக்கு, அதாவது அப்பாவின் அப்பாவுக்கு, ஒரு மில்லில் வேலை. மில் பெயர் வேண்டாம். வேலை என்றால் பதிலி வேலை. கேட்டில் காலை ஆறு மணிக்குப் போய் நிற்கவேண்டும். யாராவது வராவிட்டால் அவர் இடத்துக்கு உள்ளே கூப்பிடுவார்கள். எல்லாரும் வந்துவிட்டால் திரும்பி எட்டு மைல் நடை. வாரத்தில் மூன்று நாள் அப்படித் திரும்பியிருக்கிறார் என்று அப்பத்தா சொல்லும். "தூக்குப்போசியத் தொறக்காமயே கொண்டாந்து வெப்பாரு சாமி" என்று அது சொல்லும்போது குரல் உள்ளே போய்விடும்.

மட்டாஞ்சேரியில் வில்லைக்கு விழுந்தவனும் மில் கேட்டில் நின்ற எங்கள் அப்பாரும் ஒரே பருத்தியைத் தூக்கினவர்கள். ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே இல்லை. கொச்சி வரலாற்றை நாம் ஏன் படிக்கவேண்டும் என்று இன்றைக்குக் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன். முசிறி, திப்பு, ரயில் எல்லாம் இதற்கு அப்புறம்.

ஜூன் 16

லோடுமேன் மூட்டையைக் குத்தித் தூக்கும் கொக்கி எப்படி இருக்கும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எங்கள் வீட்டிலேயே ஒன்று இருக்கிறது. ஐலேண்டில் அப்பாவோடு பழகின ஒரு லோடுமேன், வேலையை விட்டுப் போகும்போது கொடுத்தது. ஒரு சாண் நீளம். குறுக்கே மரப்பிடி, நடுவிலிருந்து இரும்பு வளைந்து இறங்குகிறது, முனை மழுங்கிப்போயிற்று. பிடியில் வலது பெருவிரல் வைக்கும் இடத்தில் ஒரு குழி. செதுக்கினது இல்லை, தேய்ந்தது. என் விரலை வைத்துப் பார்த்தேன், குழி என் விரலைவிட அகலம். அவர் கை அவ்வளவு பெரிசு.

பேலைச் சுற்றி வரும் இரும்புப் பட்டையையும் அப்பா வீணாக்க மாட்டார். எங்கள் மாட்டுக்கொட்டாய்ப் படலுக்குத் தாழ்ப்பாள் அந்தப் பட்டைதான். இன்றைக்குக் காலையில்கூட மாடு பிடித்துக் கட்டிவிட்டு அதைத்தான் மாட்டிவிட்டு வந்தேன்.

தம்பி அடுத்த வாரம் என்னோடு கொச்சிக்கு வருகிறேன் என்று எழுதியிருக்கிறார். வாங்க. போத்தனூரில் ஏறிக்கொள்ளலாம். ஷொர்ணூரில் வண்டி நிற்கும்போது பிளாட்பாரத்தில் இறங்கி ஒரு டீ குடிப்போம். மூட்டை இறக்கி ஏற்றின இடத்தை நானும் இன்னும் பார்த்ததில்லை.